பனிமலை ஏரிக்கு ஒரு கலுங்கு கட்டியிருக்க முடியாதா?

கண்டனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனக் ஏரி உடைந்து தீஸ்தா ஆற்றில் வெள்ளம் வந்ததே, அது நம் ஊர்க் கண்மாய் ஐப்பசி மழையில் உடைவது மாதிரிதானா? அப்படியென்றால் ஒரு கலுங்கு (உபரி நீர் தானாக வழியும் வாய்) கட்டி, மடை (தண்ணீரைத் திறந்துவிடும் மதகு) வைத்து, தண்ணீரை முன்னாடியே இறக்கியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை? வருகிற மே மாதம் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு லாச்சென் வழியாகக் குருதோங்மார் ஏரிக்குப் போகப் போகிறோம், பயப்பட வேண்டுமா? பயணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டும் நல்ல கேள்விகள். கண்மாயைப் பார்த்து வளர்ந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். கலுங்கு கட்டுவது என்ற யோசனை தவறானதும் அல்ல. உலகத்தில் பல இடங்களில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் லோனக் ஏரியை உடைத்தது, கலுங்கு தடுக்கிற வகையான ஆபத்து இல்லை. அந்த வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

நம் கண்மாயிலிருந்தே தொடங்குகிறேன். சிவகங்கைச் சீமை கடலை நோக்கி மெல்லச் சரிகிற நிலம். காரைக்குடியே கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. அந்தச் சரிவில் பிறை வடிவில் ஒரு மண்கரையைப் போட்டு, மேல்பக்கத்தைத் திறந்தே விட்டு, வரத்துக்கால் வழியே வருகிற தண்ணீரைத் தேக்குகிறோம். கரை மண்ணை யாரோ தேர்ந்தெடுத்துப் போட்டிருக்கிறார்கள். படைபடையாகப் போட்டு, நனைத்து, மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். உள்பக்கத்தில் அலை அடித்துக் கரை கரையாமல் இருக்க அலைக்கல் அடுக்கியிருக்கும். தண்ணீர் எந்த மட்டத்தைத் தாண்டக் கூடாதோ அந்த மட்டத்தில் கலுங்கு இருக்கும். கரையின் உச்சி அதற்கு மேல் ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ உயர்ந்திருக்கும். அந்த இடைவெளிதான் கண்மாயின் உயிர்.

கண்மாய் உடைவது பெரும்பாலும் மூன்று வழியில். கலுங்கில் முள்ளும் குப்பையும் அடைத்து, அல்லது கூடுதலாகத் தேக்க ஆசைப்பட்டு யாரோ மண்ணைப் போட்டு உயர்த்தி, தண்ணீர் கரையின் தாழ்ந்த இடத்தில் வழிவது ஒன்று. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர், மடைச் சுவரை ஒட்டிய சந்து இவற்றில் நீர் புகுந்து மண்ணை உள்ளிருந்தே கொண்டுபோவது இன்னொன்று. நனைந்த கரை வெளிப்பக்கம் சரிந்து இறங்குவது மூன்றாவது. கரைக்கு வெளியே கசிவு தெளிவாக வந்தால் கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் மண் போகிறது என்று பொருள். அப்போது வெளிவாயை அடைக்கக் கூடாது. அதைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை உயர விட்டு, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அடைத்தால் பக்கத்திலேயே வேறு இடத்தில் பீறிடும். இந்த மூன்றிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. தண்ணீர் ஏறுவதும் கசிவு கலங்குவதும் கண்ணுக்குத் தெரியும். சில மணி நேரமோ சில நாளோ கையில் இருக்கும்.

இனி பனிமலைக்குப் போவோம். உயரத்தில் விழுகிற பனி கரையாமல் ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிக் கட்டியாகிறது. போதுமான கனம் சேர்ந்ததும் தன் எடையாலேயே பள்ளத்தாக்கில் நகர ஆரம்பிக்கிறது. அதுதான் பனியாறு. நகரும்போது பாறையை உடைத்து, அரைத்து, முன்னாலும் பக்கவாட்டிலும் ஒதுக்கிக்கொண்டே போகிறது. இப்படி ஒதுங்கிய மேட்டுக்கு மொரைன் என்று பெயர். இமயமலையில் இன்று ஏரிகளைத் தாங்கி நிற்கும் மொரைன்களில் பெரும்பாலானவை சில நூற்றாண்டுகளுக்கு முன்பு, குளிர் கூடி, பனியாறுகள் கீழே இறங்கி நின்ற காலத்தில் குவிந்தவை. பிறகு வெப்பம் ஏறியது. பனியாறு பின்வாங்கியது. அது ஒதுக்கிய மேடு மட்டும் அப்படியே நின்றது. மேட்டுக்கும் பின்வாங்கிய பனிக்கும் நடுவே தண்ணீர் தேங்கியது. யாரும் கரை போடவில்லை, ஆனாலும் கரையுள்ள ஏரி ஒன்று உண்டாகிவிட்டது.

அந்தக் கரையிலிருந்து ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் பார்த்தால் நம் கண்மாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் தெரியும். கோதுமை மாவு போன்ற பாறைத்தூள், அதில் ஒட்டிய பொடிக்கல், பக்கத்திலேயே ஒரு லாரி அளவுக்கு உருண்டைப் பாறை, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஓடுகிற நீர் கல்லையும் மணலையும் வண்டலையும் தனித்தனியாகப் பிரித்துப் படிய வைக்கும். பனி அப்படிப் பிரிக்காது, வந்ததை வந்தபடி கொட்டும். யாரும் மிதித்து இறுக்காத மண் அது. அந்த மாவுத்தூள்தான் ஏரிக்குப் பால் கலந்த நீல நிறத்தைத் தருகிறது. படம் பிடித்து அனுப்பினால் எல்லோரும் அழகு என்பார்கள், அழகுதான். இதைவிட முக்கியமான ஒன்று வெளியே தெரியாது. பல மொரைன்களின் வயிற்றில் பழைய பனிக்கட்டி புதைந்து கிடக்கிறது. மேலே ஒரு மீட்டருக்கு மேல் கல்லும் மண்ணும் மூடியிருந்தால் அது போர்வை போல வெயிலைத் தடுத்து, உள்ளே இருக்கும் பனியைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றும். அது உருகத் தொடங்கினால் கரை உட்காரும். கண்மாய்க் கரையில் இதற்கு இணையாகச் சொல்ல எதுவுமே இல்லை. கரைக்குள் பனிக்கட்டியைப் புதைத்து வைத்துக் கண்மாய் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

தெற்கு லோனக் வடக்கு சிக்கிமில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் வரலாறு மனித ஆயுளுக்குள் அடங்கும். 1977 செயற்கைக்கோள் படத்தில் பரப்பு 17.5 ஹெக்டேர், நம் கணக்கில் 43 ஏக்கர். 2008-ல் கிட்டத்தட்ட 99 ஹெக்டேர், அதாவது 244 ஏக்கர். 1962-க்கும் 2008-க்கும் இடையில் பனியாற்றின் நுனி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் பின்வாங்கியது. பின்வாங்கிய இடமெல்லாம் தண்ணீர். 2023 செப்டம்பர் 28-ம் தேதிப் படத்தில் 167 ஹெக்டேர், சுமார் 413 ஏக்கர். இத்தனையும் பரப்பு மட்டும்தான். ஆழம்தான் நம்மைத் திகைக்க வைக்கிறது. அளந்தபோது ஆழமான இடத்தில் சுமார் 130 மீட்டர் இருந்தது. மதுரை மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை நிறுத்தினாலும் தண்ணீருக்குள் மூழ்கிப்போகும். நம் கண்மாய்களில் கரையோரத்தில் இரண்டு மூன்று ஆள் மட்டம் நின்றாலே அது பெரிய தண்ணீர்.

இப்படிப்பட்ட ஏரி ஏன் தானாகவே வளர்கிறது என்று கேட்கலாம். மழைத் தண்ணீர் வந்து நிரம்புவதால் மட்டும் இல்லை. ஏரியின் ஒரு பக்கக் கரையே பனிக்கட்டிச் சுவர். தண்ணீர் அந்தச் சுவரின் அடியைத் தொட்டு அரிக்கிறது, மேலே இருப்பது பிளந்து விழுகிறது, ஏரி அந்த அளவுக்குப் பின்னால் நீள்கிறது. ஆக, ஏரி தன் உள்வாயைத் தானே வெட்டிக்கொள்கிறது. கண்மாய் இதற்கு நேர் எதிர். ஆண்டுதோறும் வண்டல் படிந்து மேடாகிக்கொண்டே போவது அதன் இயல்பு.

2023 அக்டோபர் 3-ம் தேதி இரவு 10 மணிக்கு மேல் நடந்தது இதுதான். ஏரியின் பக்கவாட்டில் செங்குத்தாக நின்ற மொரைன் சரிவில் ஒரு பெரும்பகுதி, உறைந்த மண்ணும் கல்லுமாகச் சுமார் 1.47 கோடி கன மீட்டர், மொத்தமாக ஏரிக்குள் விழுந்தது. தொட்டி நிறைய இருக்கும் தண்ணீரில் அம்மிக்கல்லைப் போட்டது போல. சுமார் 20 மீட்டர் உயர அலை எழுந்து ஏரியின் முன்கரையில் மோதித் தாண்டியது. தாண்டிய நீர் கரையின் வெளிச்சரிவை அரித்தது, அரித்த இடம் ஆழமானது, ஆழமான இடத்தில் இன்னும் அதிக நீர் பாய்ந்தது. இது கலுங்குக்கும் பொருந்தும் கணக்கு. வாயின் மேல் ஓடும் நீரின் ஆழம் இரண்டு மடங்கானால் வெளியேறும் நீர் இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. அதனால்தான் உடைப்பு ஒரு கட்டத்துக்கு மேல் போனால் யாராலும் நிறுத்த முடிவதில்லை. அக்டோபர் 4-ம் தேதிப் படத்தில் ஏரி 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. வெளியேறியது சுமார் 5 கோடி கன மீட்டர், நம் வழக்கில் ஏறக்குறைய 1.8 டிஎம்சி. வைகை அணை முழுதும் நிரம்பினால் சுமார் 6 டிஎம்சி. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், ஒரே இரவில், ஒரு குறுகிய மலைப் பள்ளத்தாக்கில் இறங்கியது.

இறங்கியது என்ற சொல்லின் கனத்தையும் பாருங்கள். ஏரியிலிருந்து கோமா சூ ஓடை வழியாக லாச்சென் பள்ளத்தாக்கை அடைந்து சுங்தாங் வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அதற்குள் 3,400 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. நள்ளிரவைத் தாண்டிச் சற்று நேரத்தில் வெள்ளம் சுங்தாங் அணையைத் தொட்டது. 60 மீட்டர் உயரம், பாறை நிரப்பி முகத்தில் கான்கிரீட் பூசிய அணை, 1,200 மெகாவாட் மின்திட்டத்துக்கானது. அது அடித்துச் செல்லப்பட்டது. மேல் கண்மாய் உடைந்தால் கீழ்க் கண்மாயும் உடையும் என்பது நமக்குப் புதிதல்ல. சங்கிலித் தொடராகக் கிடக்கும் கண்மாய்களில் ஒன்றின் உடைப்பு அடுத்ததன் தலையில் விழுவதைத் தெற்குச் சீமையில் எல்லா ஊரும் அறியும். ஆனால் இங்கே அணையில் தேங்கியிருந்த நீர், வந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டால் சிறிதுதான். பெரிய சேதத்தைச் செய்தது மண். ஏரியிலிருந்து வந்தது 5 கோடி கன மீட்டர் நீர் என்றால், அது வழியில் இரு கரைகளிலும் அரித்து எடுத்த மண்ணும் கல்லும் சுமார் 27 கோடி கன மீட்டர் என்று பின்னால் வந்த ஆய்வு கணக்கிட்டது. நீரைப் போல ஐந்து மடங்குக்கு மேல். சிங்தாம், ரங்போ ஊர்களில் வீடுகளை மூடியது அதுதான். தீஸ்தாவின் படுகை பல இடங்களில் மேடாகிப்போனதால், அதற்குப் பிறகு சாதாரண மழைக்கே ஆறு சாலையில் ஏறுகிறது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து நூறு பேருக்கு மேல்.

இப்போது உங்கள் கலுங்குக் கேள்விக்கு வரலாம். தண்ணீரை இறக்க முயற்சியே நடக்கவில்லை என்பது சரியல்ல. 2016-ல் சிக்கிம் அரசின் பேரிடர் மேலாண்மைத் துறையினரும் லடாக்கின் சோனம் வாங்சுக் குழுவினரும் அந்த ஏரிக்குப் போய், 8 அங்குல விட்டமுள்ள மூன்று பாலிஎத்திலீன் குழாய்களைக் கரைமேல் போட்டு, சைஃபன் முறையில், அதாவது மோட்டார் இல்லாமல் காற்றழுத்தமே நீரைக் குழாயில் ஏற்றிக் கரைக்கு அப்பால் இறக்கும் முறையில், நீரை வெளியேற்றினார்கள். நொடிக்குச் சுமார் 150 லிட்டர். நல்ல வேலை, துணிச்சலான வேலை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 150 லிட்டர் என்றால் நாளைக்கு ஏறக்குறைய 13,000 கன மீட்டர். உடைப்பில் வெளியேறிய 5 கோடி கன மீட்டரை அந்த வேகத்தில் இறைக்க, புதிதாக ஒரு சொட்டு வராவிட்டாலும், 10 ஆண்டுக்கு மேல் ஆகும். பனி உருகி வருவதோ நிற்பதேயில்லை.

குழாயைப் பெரிதாக்கினால் போதாதா என்றால், இன்னொரு தடை இருக்கிறது. நம் ஊரில் கிணற்று மோட்டாரை மேலே வைத்தால் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தானே உள்ளே மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள். தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது தள்ளக்கூடிய உயரம் கணக்குப்படி 10 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர். 5,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதி. அதனால் சைஃபன் ஏற்றும் உயரமும் கணக்குப்படி ஐந்தரை மீட்டருக்குள், நடைமுறையில் நான்கு மீட்டர். ஏரி மட்டம் கரையின் உச்சியிலிருந்து அவ்வளவு இறங்கியதும் சைஃபன் அறுந்துவிடும். குளிர்காலத்தில் குழாய்க்குள் நீர் உறைந்து வெடிப்பது வேறு. டீசல் பம்ப் வைக்கலாம் என்றால் டீசலைச் சுமந்து போக வேண்டும், அந்தக் காற்றில் இன்ஜினும் பாதி பலத்தில்தான் ஓடும்.

அப்படியானால் கரையையே வெட்டிக் கலுங்கு கட்டுவதுதான் வழி. அதைச் செய்தும் இருக்கிறார்கள். நேபாளத்தில் சோ ரோல்பா ஏரியில் 2000-ம் ஆண்டு கதவு வைத்த ஒரு கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை 3 மீட்டர் இறக்கினார்கள். எவரெஸ்ட் அருகே இம்ஜா ஏரியில் 2016-ல் நேபாள ராணுவம் 3.4 மீட்டர் இறக்கியது. இத்தனை பாடுபட்டும் மூன்று மீட்டர்தானா என்று தோன்றும். காரணம் உங்களுக்கே தெரியும். நிறைந்த கண்மாயின் கரையில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி விட்டால் அந்த வெட்டு நம் சொல்லைக் கேட்காது, தானே அகலும். அதனால் முதலில் தற்காலிகத் தடுப்பு கட்டி, உலர்ந்த இடத்தில் வெட்டி, அடியிலும் பக்கத்திலும் கல் பதித்து, கதவு பொருத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீரை விட வேண்டும். வெட்டும் இடத்தில் பனிக்கட்டி புதைந்திருந்தால் வேலையையே இடம் மாற்ற வேண்டும். ஜேசிபி போகச் சாலை கிடையாது. இயந்திரத்தைக் கழற்றி ஹெலிகாப்டரில் கொண்டுபோக வேண்டும், ஆண்டில் வேலை செய்யக் கிடைப்பது சில மாதங்கள்தான். இந்த வேலையின் ஆபத்துக்குப் பெரு நாடு சாட்சி. அங்கே ஹன்கருரிஷ் ஏரியில் 1950-ல் இப்படி வடிகால் வெட்டிக்கொண்டிருந்த நேரத்திலேயே கரை உடைந்துவிட்டது.

பெருவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மடைக்கு மிக நெருக்கமான வேலையை அவர்கள்தான் செய்திருக்கிறார்கள். 1941 டிசம்பர் 13 அன்று பால்காகோச்சா ஏரி உடைந்து உவராஸ் நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. இறந்தவர்கள் 1,800 என்றும் 5,000 என்றும் கணக்கு மாறுகிறது. அதற்குப் பிறகு அவர்கள் கண்ட முறை இது. கரையில் ஆழமாக ஒரு வெட்டு வெட்டி ஏரியை இறக்குவது, வெட்டின் அடியில் ஒரு பெரிய குழாயைப் பதிப்பது, பிறகு அதன் மேல் நல்ல மண்ணும் கல்லும் போட்டு இறுக்கிக் கரையைத் திரும்ப உயர்த்துவது. குழாய் எப்போதும் திறந்தே இருக்கும், மழைக்கு ஏரி ஏறாது. மேலே கட்டிய கரை அலையைத் தாங்கும். மூடாத குமிழி மடை என்று சொல்லலாம். எனக்கு இந்த முறைமேல் மிகுந்த மதிப்பு உண்டு, ஏனென்றால் நீர் மட்டம் ஏறுவதற்கும் அலை எழுவதற்கும் தனித்தனியாக விடை வைத்திருக்கிறது. பால்காகோச்சாவில் 1974-ல் இப்படிச் செய்து நீர் மட்டத்துக்கு மேல் 8 மீட்டர் இடைவெளி வைத்தார்கள். 2003-ல் பக்கவாட்டு மொரைன் சரிந்து ஏரிக்குள் விழுந்தபோது அலை அந்தக் கரையையும் தாண்டியது. ஆனால் கரை உடையவில்லை, 1941 திரும்ப நடக்கவில்லை.

ஆக, லோனக்கில் 3 மீட்டர் இறக்கியிருந்தால் அந்த இரவைத் தடுத்திருக்குமா? 20 மீட்டர் அலையின் முன் 3 மீட்டர் இடைவெளி நிற்காது. ஆனால் கல் பதித்த வாய் ஒன்று இருந்திருந்தால் அரிப்பு மெதுவாகத் தொடங்கியிருக்கும், ஏரி சிறிதாக இருந்திருந்தால் வெளியேறிய நீரும் குறைந்திருக்கும் என்பது என் கருத்து. முழுதும் தடுக்கக் குறைந்தது பல பத்து மீட்டர் இறக்கியிருக்க வேண்டும். அந்த உயரத்தில், அந்த மண்ணில், அப்படி ஒரு வேலை இமயமலையில் இதுவரை எங்கேயும் நடந்ததில்லை.

எது உறுதி, எது ஐயம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிறது. லோனக் உடைந்த மறுநாள் மேகவெடிப்பு என்றார்கள், நேபாளத்தில் அன்று வந்த நிலநடுக்கம் என்றார்கள். பிறகு செயற்கைக்கோள் படங்களையும் நில அதிர்வுப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பக்கவாட்டுச் சரிவு விழுந்தது தெளிவானது. அந்தச் சரிவு அதற்கு முன்பு சில ஆண்டுகளாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததும் படங்களில் தெரிகிறது. இது உறுதி. கீழே வெள்ளத்தைக் கூட்டியதில் அந்த நாட்களின் மழைக்கும் பங்கு உண்டு. சுங்தாங் அணையின் மதகுகளை முன்னாடியே திறந்திருந்தால் அணை பிழைத்திருக்குமா என்பது விவாதத்தில் இருக்கிறது. வெப்பம் ஏறுவதால் பனியாறுகள் சுருங்குவதும் ஏரிகள் பெருகுவதும் உறுதி. ஆனால் ஏரி உடைப்புகளின் எண்ணிக்கை இமயத்தில் அதே வேகத்தில் கூடியிருக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. எந்த ஏரி ஆபத்தானது என்று வரிசைப்படுத்த முடியும், எந்த ஆண்டு உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. தெற்கு லோனக் பல ஆண்டுகளாக ஆபத்துப் பட்டியலில் மேலேதான் இருந்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மலையில் திடீரென்று வெள்ளம் வந்தால் எல்லாமே பனி ஏரி உடைப்பு இல்லை. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தரகாண்டின் சமோலியில் வந்ததை முதலில் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது, அதில் பெரும்பகுதி பாறை. ஏரி எதுவும் உடையவில்லை. 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்தது உண்மை, அங்கே கடும் மழையும் உருகிய பனியும் சேர்ந்து ஏரியை நிரப்பின. நம் கண்மாய் உடைப்புக்கு நெருங்கிய உறவு என்றால் அதுதான், லோனக் அல்ல.

தண்ணீரை இறக்குவது கடினம் என்றால் மிச்சம் இருப்பது எச்சரிக்கை. ஏரியில் கேமராவும் நீர்மட்டக் கருவியும், வழியில் ஓடைக்குக் குறுக்கே கம்பி உணரிகளும், ஊர்களில் சைரனும் வைத்தால் லோனக் போன்ற இடத்தில் சுங்தாங்குக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரமும், கீழே உள்ள ஊர்களுக்கு அதைவிட அதிகமும் கிடைக்கும். 2023 செப்டம்பரில்தான் அங்கே கண்காணிப்புக் கருவிகள் வைக்கும் முதற்கட்ட வேலை நடந்தது. முழு ஏற்பாடு முடிவதற்குள் ஏரி முந்திக்கொண்டது. இதில் பழுதாவது பெரும்பாலும் கருவி இல்லை, கவனிப்பு. சோ ரோல்பாவுக்குக் கீழே 1998-ல் வைத்த சைரன் ஏற்பாடு சில ஆண்டுகளிலேயே பராமரிப்பு இல்லாமல் செயலிழந்தது. மழைக்கு முன் கலுங்கைச் சுத்தம் செய்து, மடைப் பலகையைப் பார்த்து, வரத்துக்காலில் முள்ளை வெட்டிக் குடிமராமத்து செய்கிற ஊரில் கண்மாய் நிற்கும். அங்கேயும் அதே கதைதான். மாதம் ஒருமுறை பேட்டரியைச் சோதித்து, ஆண்டுக்கு இரண்டு முறை சைரனை ஒலித்து மக்களை மேட்டுக்கு நடக்க வைத்துப் பழக்கினால்தான் அது உண்மையான எச்சரிக்கை.

இனி உங்கள் பயணம். ஏரி உடைப்புகள் பெரும்பாலும் ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் வருகின்றன, மே மாதத்தில் அந்த ஆபத்து குறைவு. குருதோங்மார், லோனக் இருக்கும் கிளையில் இல்லை, தீஸ்தாவின் வேறு கிளையில் வடகிழக்கே இருக்கிறது. ஆனால் மங்கன், சுங்தாங் வழியாக லாச்சென் போகும் சாலை தீஸ்தாவை ஒட்டியே போகிறது. 2023-க்குப் பிறகு அந்தச் சாலை நிலச்சரிவால் அடிக்கடி மூடப்படுகிறது. அதனால் கேங்டாக்கில் அனுமதிச் சீட்டு வாங்கும்போதே அன்றைய சாலை நிலையைக் கேளுங்கள், திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாள் கையிருப்பு வையுங்கள். தங்கும் விடுதி ஆற்று மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு பார்வை பாருங்கள். ஐந்தாறு மாடி உயரமாவது மேலே இருப்பது நல்லது. இரவில் ஆறு திடீரென்று வற்றினாலோ, தண்ணீர் சேறாகி மண்வாடை வந்தாலோ, லாரி உருளுவது போல இடைவிடாத முழக்கம் கேட்டாலோ, பெட்டியை எடுக்க நிற்காமல் சரிவில் மேலே ஏறுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றோரச் சாலையில் கீழே ஓடக் கூடாது. வெள்ளமும் அதே வழியில்தான் வரும்.

உங்கள் குடும்பத்துக்கு உண்மையான ஆபத்து ஏரி இல்லை, உயரம். லாச்சென் சுமார் 2,700 மீட்டர். அங்கே ஓர் இரவு தூங்கி, விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, சில மணி நேரத்தில் 5,000 மீட்டரைத் தாண்டி நிற்பீர்கள். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் காரைக்குடியில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. லாச்செனில் ஒன்றுக்கு இரண்டு இரவாகத் தங்குங்கள், ஏரியில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள், ஓடக் கூடாது, கனமான சாப்பாடு வேண்டாம். தலைவலியோடு வாந்தி வந்தாலும், நடை தள்ளாடினாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், அந்த நிமிடமே வண்டியைக் கீழே திருப்புங்கள். அதற்கு மருந்து இறங்குவதுதான், ஆக்சிஜன் சிலிண்டர் வழியில் தாங்குவதற்கு மட்டும். அப்பத்தாவைக் குருதோங்மாருக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்றே சொல்வேன். ரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ இருந்தால் லாச்செனுக்கே போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அவர் பனியைப் பார்க்க ஆசைப்பட்டால் லாச்சுங் வழியாக யும்தாங் பள்ளத்தாக்கு இருக்கிறது, சுமார் 3,500 மீட்டர். மே மாதத்தில் சுற்றிலும் பனிச் சிகரம் தெரியும், ரோடோடெண்ட்ரான் பூவும் இருக்கும், வண்டியை விட்டு அதிகம் நடக்கவும் வேண்டாம்.